ஊசி அலகு

தவிட்டு நிறம், முதுகில் கருங்கோடுகள், கைக்குள் அடங்கும் உடல். இப்படி இரண்டு குருவிகளைக் காட்டினால் எது நெல் தின்பது, எது புழு தின்பது என்று உங்களால் சொல்ல முடியுமா? வேப்பம்பட்டுச் சடையப்பனால் முடியும். அதற்காகத்தான் அவர் கையை உடைத்தார்கள்.

சடையப்பன் இருளர். கதிர் பால் பிடிக்கும் நாட்களில் நிலக்காரர்கள் அவரை வலை கட்ட அழைப்பார்கள். சிக்கிய தூக்கணாங்குருவிகளின் கழுத்தைத் திருகி, மற்றவை அஞ்சட்டும் என்று வரப்புக் கழியில் தொங்கவிடுவது வழக்கம். அதே வலையில் நெட்டைக்காலியும் சிக்கும். தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தூக்கணாங்குருவிக்குத் தடித்த கூம்பு அலகு, குட்டை வால். நெட்டைக்காலிக்கு ஊசி அலகு, நீண்ட கால். நின்ற இடத்திலேயே வாலை மேலும் கீழும் ஆட்டும், பறந்தால் வாலோரம் வெள்ளை தெரியும். அது பயிர்ப்பூச்சியைத் தின்பது. சடையப்பன் அதை விட்டுவிடுவார்.

கடந்த மார்கழியில், 1956 முடியும் நாட்களில், ஒரு காலை நிலக்காரர் ராஜமாணிக்கம் இதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாடா, எங்க நெல்லத் துன்ற குருவிய அவுத்து வுட்டுக்கினு கீற? அது இன்னா உன் சொந்தக்காரனா?”

“இது பூச்சி துன்றதுங்க ஐயா. மூக்கப் பாருங்க, ஊசியாட்டம் கீது.”

“எனக்கே பாடம் சொல்றியா நீ?”

களத்துப் பனைமரத்தில் கட்டிப் புளிய விளாரால் அடித்தார்கள். முதுகுத் தோல் பிய்ந்தது. பிறகு அவர் வலக்கையைக் கல்லின்மேல் வைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் ராஜமாணிக்கமே இடித்தார். மூன்று விரல்கள் நசுங்கின. விடுவதற்காகக் கூடையில் பிரித்து வைத்திருந்த ஏழு நெட்டைக்காலிகளையும் தரையில் அறைந்து கொன்று, கழியில் கட்டவைத்தார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சடையப்பனின் மனைவி சின்னப்பொண்ணு ஓடிவந்தார். அழவில்லை. கழியில் தொங்கியவற்றில் ஊசி அலகு பார்த்து ஏழையும் பிடுங்கினார். ரத்தம் காயாத அதே கல்லில் வைத்து அரிவாளால் வயிற்றைக் கீறினார். வெட்டுக்கிளிக் கால், வண்டு, புழு. ஒரு நெல்மணி இல்லை.

“பாரு நைனா! உன் நெல்லு எங்க கீது?”

“த்தூ! எடுத்துக்கினு போடி.”

கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

வழக்கு திருவள்ளூரில் நடக்கிறது. பனையிலிருந்து விழுந்தான் என்கிறது எதிர்த்தரப்பு. வழக்கைத் திரும்பப் பெறாவிட்டால் குடிசையைக் கொளுத்துவோம் என்று ஆளும் விட்டிருக்கிறது. சடையப்பன் இடக்கையால் வலை முடியப் பழகிக்கொண்டிருக்கிறார், வழக்கை விடவில்லை. நாற்பது பேரில் ஒருவர்கூட இன்னும் வாய் திறக்கவில்லை.

வரும் பங்குனி ஐந்தாம் தேதி விசாரணை. அந்தக் களத்தில் நின்ற ஒருவரையாவது நீங்கள் அறிந்திருந்தால், கையைப் பிடித்து நீதிமன்றத்துக்கு அழைத்து வாருங்கள். கண்டதைச் சொல்லட்டும்.