உப்பு மூட்டையில் போன வேண்டுதல்

ஜீவனஹள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. இதயம் வீங்கும் அளவுக்கு வந்தது எனக்கு மட்டும்தான். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. நாலாம் கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரிகள் ஓசூர் ரோட்டில் ஓடுகின்றன.

முதலில் சாதாரண விஷக்காய்ச்சல்தான். அது இறங்காமல் போகவே அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் விட்டால், திருநாளன்று பையன் வீட்டிலிருந்து மாதா கோயில் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து வருவான் என்று. மாதா உடனே கேட்டுவிட்டாள், காய்ச்சல் விட்டது. ஆனால் அதற்குப் பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு இரைத்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். காய்ச்சல் கிருமி இதயத்தின் தசையில் போய் உட்கார்ந்துவிட்டது, தசை வீங்கிக் கிடக்கிறது என்றார் கன்னட டாக்டர். அவர் கூட்டி வந்த மாணவர்கள் வரிசையில் நின்று என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில் பையனுக்கு வெறும் குடல்வால். அவனை எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது, "நடியோது பேடா" என்று டாக்டர் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். நடக்கவே விடாதே, இப்போது வேலை வைத்தால் இதயம் நின்றாலும் நின்றுவிடும் என்று தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

திருநாள் வந்தது. அம்மா அழ ஆரம்பித்தாள்.

"வாக்கு குடுத்தது மாதாகிட்டங்க. இவன் நடக்கலன்னா காய்ச்சல் திரும்ப வந்துடும்."

"நடந்தா புள்ளையே போயிடுவான்டி."

"அப்ப மாதாவுக்கு இன்னா பதில் சொல்றது?"

அப்பா தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "செருப்பு போடக் கூடாது, அவ்ளோதானே? ரெண்டு பேருமே போடல. நடக்கறத நான் நடக்கறேன்."

அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். என்னை உப்பு மூட்டையாக முதுகில் ஏற்றிக்கொண்டு பிரேசர் டவுன் வழியாக நடந்தார். மாதாவுக்கு வேண்டிக்கொண்டு காவி உடுத்திய கூட்டத்தில் நான் மட்டும் எல்லோர் தலைக்கும் மேலே.

"இன்னாண்ணா, மாப்பிள்ள ஊர்வலமா?" என்றார் எங்கள் தெரு டெய்லர்.

"ஆமாம்பா, பொண்ணுதான் இன்னும் கெடைக்கல."

அப்பா சும்மா சும்மா நின்றார். தார் ரோடு சுட்டாலும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்த அடி வைத்தார்.

"இன்னாப்பா, முடியலயா?"

"முடியலடா. மலையாட்டம் கனக்கறே."

இதை நான் வருஷக்கணக்கில் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அரிசி மூட்டையைத் துண்டு போலத் தோளில் போடுகிற மனுஷனால் என்னைத் தூக்க முடியவில்லை என்று. படுத்துப் படுத்து நான் எலும்பும் தோலுமாகக் கிடந்த சமயம் அது.

களைத்து நிற்கிறவனுக்கு முதுகு ஏறி இறங்கும். அப்பா நின்றபோதெல்லாம் அவர் முதுகு அசையவே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, அதில் ஒட்டிக் கிடந்த என் நெஞ்சு இன்னும் அடிக்கிறதா என்று முதுகாலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நானோ, "சீக்கிரம் நடப்பா, தேரு போயிடும்" என்று முட்டியால் அவர் விலாவில் இடித்துக்கொண்டிருந்தேன்.