அம்மா டொக்டரிட்டச் சொன்ன "பரவாயில்லை"

இண்டைக்கு அம்மான்ர முப்பத்தோராம் நாள். சாப்பிட்டிட்டு இந்த நினைவு மலரைக் கையில வச்சிருக்கிற சொந்தக்காரர், சிநேகிதர் எல்லாருக்கும் வணக்கம். "நீயும் ஒரு பக்கம் எழுது, பகிடி விடாத" எண்டு அக்கா சொன்னவ. அதில பாதியைத்தான் கேட்டிருக்கிறன்.

அம்மா பிறந்தது சாவகச்சேரி. அப்பா செத்துப் போனாப் பிறகு எங்கள் ரெண்டு பேரையும் கொழும்பு வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, சாறிச் சட்டை தைச்சே வளத்தவ. அவவின்ர கத்தரிக்கோலைத் தொட்டா அடிதான்.

பிறகு விரல் மூட்டெல்லாம் வீங்கத் தொடங்கிச்சு. விடியக் கை மடியாது. தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிப்பா. அக்கான்ர கலியாணத்துக்கு எட்டு மாசம் இருந்தது. கூறைச் சட்டை தான்தான் தைக்கோணும் எண்டு அம்மா ஒற்றைக்கால்ல நிண்டவ. கத்தரிக்கோலைப் பிடிக்கவே ஏலாது!

டொக்டரிட்டப் போகாமலில்லை. சனல் பண்ணி, டொக்டரைப் பாக்க நம்பர் எடுத்த நாளில காலமையே ரெண்டு நோவுக் குளிசை போட்டு, தலை இழுத்து, நல்ல சாறி உடுத்து, கலியாண வீட்டுக்குப் போற மாதிரி நடந்து போவா. "எப்பிடி அம்மா?" எண்டு டொக்டர் கேட்டா, "பரவாயில்லை டொக்டர். உங்கட வீட்டில சுகமோ?" அவரும் பழைய குளிசையையே எழுதுவார்.

நான் பத்தாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனா அம்மான்ர கள்ளத்தைப் பிடிச்சனான். ஒரு மாசம், கிழிக்கிற கலண்டர்த் தாளுக்குப் பின்னால எழுதினன்: எந்த மூட்டு வீங்கினது, எத்தினை மணிக்குக் கை மடிஞ்சது, என்ன குளிசை, என்ன எண்ணெய். பிறகு டொக்டர் மாதிரிக் கதிரையில இருந்து ஒத்திகை.

"எப்பிடி அம்மா?"

"பரவாயில்லை."

"அப்ப வீட்ட போங்கோ. அடுத்த ஆள்!"

"டேய், அறை விழும் உனக்கு!"

"அறைய விரல் நிமிரோணுமே அம்மா."

சிரிச்சா. பிறகு கண் கலங்கிப் போச்சு. "நோகுது எண்டு சொன்னா, தைக்க வேண்டாம் எண்டு சொல்லிப் போடுவாரடா."

"அதையே கேளுங்கோ. தைக்கோணும், என்ன வழி எண்டு."

சனல் நாளண்டு நோவுக் குளிசை போடாம, பெட்டியை அவவே என்ர கையில தந்தவ.

"எப்பிடி அம்மா?" எண்டார் டொக்டர்.

"பரவா..."

நான் மெல்ல, "அடுத்த ஆள்" எண்டன்.

அம்மா ரெண்டு கையையும் மேசையில வச்சா. "பத்து மணி மட்டும் இது மடியாது டொக்டர். மகளுக்குக் கூறைச் சட்டை தைக்கோணும். என்ன வழி?"

நான் நீட்டின கலண்டர்த் தாள் ஒண்டையும் விடாம டொக்டர் வாசிச்சார். ரத்தம் சோதிச்சு, மருந்தை மாத்தினார். அஞ்சாம் மாசம் வீட்டில திரும்பவும் கத்தரிக்கோல் சத்தம். கூறைச் சட்டையில ஒரு கை கொஞ்சம் இறுக்கம். அம்மா கேக்க, அக்கா "பரவாயில்லை" எண்டவ!

அதுக்குப் பிறகு நாலு வருசம் தைச்சவ. கடைசியில நெஞ்சு வருத்தம். ஆஸ்பத்திரியில நேர்ஸ் "கொஹொமத அம்மே?", எப்பிடி அம்மா எண்டு கேட்டா, எங்க நோகுது, எப்ப தொடங்கினது எண்டு அரைச் சிங்களத்தில ஒண்டும் ஒளிக்காமச் சொல்லுவா.

இருந்து கேட்ட அந்த நேர்ஸுக்கும், டொக்டருக்கும், எங்கட மூண்டாம் மாடியில இருந்து அம்மாவைக் கதிரையோட தூக்கி இறக்கின கீழ்வீட்டு முஸ்லிம் நானாவுக்கும், சமைச்சு அனுப்பின எல்லாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறம்.

செத்தவீட்டில "எப்பிடியடா இருக்கிறாய்?" எண்டு எல்லாரும் கேட்டீங்கள். "பரவாயில்லை" எண்டனான்.

அம்மா இருந்திருந்தா, "அடுத்த ஆள்!" எண்டு திருப்பி அனுப்பியிருப்பா.