வட்டெழுத்து வாழ்த்து

அமெரிக்காவின் ரிச்சர்ட்சன் நகரில், பிறர் எழுதும் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் ஜெபதாஸின் பிழைப்பு. தம் பிழை மட்டும் அவர் கண்ணில் படுவதேயில்லை.

பல்கலைக்கழக நூலகத்தில் ஒருநாள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கேலிச்சித்திரங்களைப் பார்த்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பானை வயிற்று அரசியல்வாதிகள். அவர்கள் வாயிலிருந்து குமிழியாகப் புறப்படும் வசனங்கள். எழுத்தறியாதவனும் பார்த்துச் சிரித்திருப்பான்.

ஜெபதாஸுக்குக் கை துறுதுறுத்தது. தமிழ்ச் சங்கத் தலைவர் சாய்ராம் பல ஆண்டுகளாக நாற்காலியை விட்டு எழவில்லை. ஆண்டுதோறும் 'ஏகமனதாக'த் தேர்வாகிக்கொண்டிருந்தார். இம்முறையாவது தேர்தல் நடத்த வைத்துவிட வேண்டும் என்பது ஜெபதாஸின் வெறி.

செதுக்கினார். மாபெரும் சாய்ராம், வேர்விட்ட நாற்காலி, காலடியில் எறும்புகளாக உறுப்பினர்கள். வாய்க்குமிழியில், 'நாற்காலியை விட்டால் நான் யார்?' கட்டையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. அச்சில் எழுத்துகள் புரண்டு விழுந்தன. மறுநாள் பொங்கல் விழாக் கண்காட்சி. வேறு கட்டை இல்லை. அப்படியே கொண்டுபோய் மாட்டினார்.

சாய்ராம் படத்தின்முன் நெடுநேரம் நின்றார். தம்மை அவ்வளவு பெரிதாக வரைந்ததைக் கட்-அவுட் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். எழுத்துதான் பிடிபடவில்லை, தெரியாது என்று சொல்லும் வழக்கமோ அவருக்கு இல்லை.

"இது வட்டெழுத்து. ராஜாக்கள் காலத்துல இப்படித்தான் வாழ்த்துவாங்க. ஜெபதாஸ் சார் நல்லா ரிசர்ச் பண்ணிருக்காரு."

கூட்டம் கைதட்டியது. ஜெபதாஸின் மனைவி அமலி மட்டும் தட்டவில்லை. "வாயைத் திறந்து சொல்லுங்க. இல்லன்னா இனிமே வீட்ல எலெக்‌ஷன் பத்திப் பேசாதீங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

சாய்ராம் படத்தைக் கேட்டு வாங்கித் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். எதிர்ச்சுவர் முழுவதும் முகம் பார்க்கும் கண்ணாடி. பொதுக்குழுவும் அங்கேதான் கூடியது. பிரியாணித் தட்டோடு கண்ணாடியைப் பார்த்து அமர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த வசனத்தைப் படித்து, தட்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். கடைசியில் சாய்ராமும் படித்தார்.

அவர் கோபப்படவில்லை. ஜெபதாஸின் தோளில் கைபோட்டுச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போனார்.

"நல்லா வரையறீங்க சார். செக்ரெட்டரி போஸ்ட் காலியா இருக்கு. எடுத்துக்கறீங்களா?"

தலைவர் தேர்வு ஏகமனதுதானா என்று சற்றுப் பொறுத்துக் கேட்கப்பட்டபோது, முதலில் உயர்ந்தது ஜெபதாஸின் கை. சிரித்தவர்களின் கைகளும் பின்னாலேயே எழுந்தன. அமலி கைப்பையை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

அடுத்த பொங்கலுக்கும் ஒரு படம் வந்தது. அதே சாய்ராம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். 'சங்கத்தின் தூண்' என்ற எழுத்துகளைச் செயலாளர் ஜெபதாஸ் இம்முறை மிகக் கவனமாக இடவலம் மாற்றிச் செதுக்கியிருந்தார். ஒரு பிழை இல்லை.