பெட்டியைத் திறக்காத கரடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இந்த வயதில், நான் ஒரு கார்ட்டூன் படம் பார்த்தேன். சிரிக்காதீர்கள். கொட்டகையில் பெரியவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் மூன்று பேர் எங்கள் வீட்டு ஆட்கள்.

இடது பக்கம் என் மகள் கஸ்தூரி. வலது பக்கம் மாப்பிள்ளை. நடுவில் நான் — எல்லைக்கல் மாதிரி.

ஏன் இப்படி? சொல்கிறேன்.

கல்யாணமாகி ஏழு மாதம். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை, கவரைப்பேட்டையில் குடித்தனம். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை கஸ்தூரி ஒற்றைப் பையோடு மணவாள நகரில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஒரு பை என்றால் இரண்டு நாள் தங்கல் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது நாள் ஆகிவிட்டது. தெருவில் ஆறு பேர், "பொண்ணு வந்துகிறாளா?" என்று கேட்டுவிட்டார்கள். ஏழாவது ஆளுக்கு என்ன பதில் சொல்வது?

அவளுடைய பள்ளித் தோழி விமலா வேலூரில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். அவள் போடும் இன்லண்ட் லெட்டர்களை மாப்பிள்ளை பிரித்துப் படித்துவிட்டுத்தான் கஸ்தூரியிடம் தருகிறாராம்.

"இதுக்கா ஊட்ட உட்டு வந்த?" என்றேன்.

"இதுக்குத்தான்," என்றாள்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இன்றைக்கு லெட்டர்... நாளைக்கு?

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். அன்று சாயங்கால ஷிப்ட். ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இட்லியைப் பார்த்தாரே தவிர கஸ்தூரியைப் பார்க்கவில்லை. அவளும் அப்படியே.

என் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "ரெண்டும் இப்படியே செவுத்த பாத்துகினு இருந்தா ஆவுமா? சினிமாவுக்கு அனுப்புங்க."

"காலையில ஏது சினிமா?"

"எதுனா ஓடும். படம் பாக்கவா அனுப்பறோம்?"

ஓடியது கார்ட்டூன். "நைனா வந்தா வரேன்," என்றுவிட்டாள் கஸ்தூரி. அதனால்தான் அந்த நடு நாற்காலி.

படம் எந்த நாட்டுடையதோ, பேச்சே கிடையாது. ஒரு கரடி, ஒரு நாரை, நல்ல சிநேகிதம். பனிக்காலம் வருகிறது. நாரை தன்னுடைய மரப்பெட்டியைக் கரடியிடம் கொடுத்துவிட்டுப் பறந்துபோகிறது. கரடி அதை முகர்கிறது, குலுக்குகிறது, காதில் வைத்துக் கேட்கிறது, கடைசியில் அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஏழு தடவை கை மூடிக்குப் போகிறது. ஏழு தடவையும் திரும்பிவிடுகிறது. பிள்ளைகள் எல்லாம் "தொறடா, தொறடா" என்று கத்துகிறார்கள். கரடி திறக்கவில்லை. வெயில் காலத்தில் நாரை வந்து தானே திறக்கிறது. உள்ளே நாலு கூழாங்கல்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "இன்னா மாமா, நாலு கல்லுக்கா அந்தக் கரடி அவ்ளோ பேஜாரு பட்டுச்சி?"

பதில் என்னைத் தாண்டி நேராக அவருக்குப் போனது. "உள்ள இன்னா இருந்தா இன்னா? பொட்டி கரடியோடதில்ல."

ஒன்பது நாள் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

யோசித்துப் பாருங்கள். நம் படங்களில் பெண்ணை மரத்துக்கு மரம் துரத்துகிறவர் கதாநாயகன். அவள் மறைத்து வைத்திருக்கும் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தால் அதற்குப் பெயர் காதல் — கூடவே ஒரு பாட்டு. கார்ட்டூனில்? துரத்துகிற மிருகம் அடி வாங்குகிறது. காத்திருக்கிற மிருகத்துக்குத்தான் சிநேகிதம் நிலைக்கிறது. பேச்சில்லாத படம் அல்லவா, அன்பு என்று வாயால் சொல்லித் தப்பிக்க முடியாது. செய்து காட்ட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு என்று காலையில் போட்டுவிடுகிறார்கள். மாலைக் காட்சிக்குப் போகிற நமக்கு யார் காட்டுவது?

இதையெல்லாம் மாப்பிள்ளைக்குச் சொல்லத் தயார் செய்துகொண்டுதான் வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டு எதிரே காபிக் கடை. மாப்பிள்ளை டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்: "சந்தேகப்பட்டுலாம் பிரிக்கல மாமா. எங்க ஊட்ல யாருக்குக் கடுதாசி வந்தாலும் எங்கப்பாதான் பிரிப்பாரு. நானும் அப்படியே..."

"அதெப்படி மாப்ளே..." என்று தொடங்கினேன்.

"நீ பேசாத நைனா," என்றாள் கஸ்தூரி. அவர் பக்கம் திரும்பினாள். "இங்க மட்டும் இன்னா வாழ்ந்துச்சாம்? விமலா லெட்டர நைனா பிரிச்சி, படிச்சி, நம்பரு போட்டு, உத்தரத்துல தொங்கற கம்பியில குத்தி வெச்சப்புறந்தான் என் கைக்கு வரும். நடுவுல ஓட்ட. ஓட்டையில போன எழுத்த நானே ரொப்பிப் படிச்சிக்குவேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கோபமில்லை, கூட ஒரு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷத்தில் முப்பத்தொன்பது லெட்டர். எண் எனக்குத் தெரியும் — போட்டவன் நான்தானே. ஒன்றைக்கூடக் கெட்ட எண்ணத்தில் பிரிக்கவில்லை. மகளுக்கு ஏதாவது ஆகாத சேதி வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு அக்கறை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். கணவன் வீட்டில் பொறுக்க முடியாமல் கிளம்பியவள், வேறு போக்கிடம் இல்லாமல் இந்தக் கம்பி தொங்குகிற வீட்டுக்கே வந்திருக்கிறாள்.

"இனிமே பிரிக்கமாட்டேன்," என்றார் மாப்பிள்ளை, அவளிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீ?"

மகள் திரும்பிப் போவாளா என்று ஒன்பது நாள் தவித்தவன் நான். இப்போது இரண்டு பேரும் என் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். மணி பன்னிரண்டு ஐந்து.

"மாட்டேன்," என்றேன்.

"இரு, ஊட்டுக்குப் போயி பைய எடுத்துகினு வந்துடறேன்," என்றாள் அவரிடம். ஒரு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள்.

வியாழக்கிழமை போஸ்ட்மேன் ஒரு இன்லண்ட் லெட்டர் கொடுத்தார். விமலா கையெழுத்து, கஸ்தூரி இன்னும் இங்கேதான் இருக்கிறாள் என்று நினைத்துப் போட்டிருக்கிறாள். எங்கள் விலாசத்தை அடித்து, கவரைப்பேட்டை விலாசத்தை எழுதி, அரை மணிக்குள் தபால் பெட்டியில் சேர்த்துவிட்டேன். பிரிக்கவில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான் — மூன்று மடிப்பு, ஒன்றும் தெரியவில்லை.