வெளி என்று என் காதில் விழுந்தது

செவ்வாய்க்கிழமை காலை பிலிமத்தலாவையிலிருந்து சகுந்தலா மிஸ்ஸின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா விடியக்காலைல போயிட்டாங்க" என்றாள். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. "ஒங்களுக்குன்னு ஒரு போத்தல் வச்சிருக்காங்க. மறக்காம குடுத்துருன்னு ரெண்டு தடவ சொன்னாங்க." எந்தப் போத்தல் என்று நான் கேட்கவில்லை.

மிஸ்ஸை அறிந்த உங்களுக்கு அவர் கண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லேகலயில் எங்கள் மீன் பரிசோதனை நிலையத்தில் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். தொடக்கத்தில் எதிரெதிர்க் கதிரைகளில் இருந்தோம். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பெயர் சொல்வார், நான் எழுதுவேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கெளுத்திக் குஞ்சுகள் வெள்ளைத் தட்டில் நெளியும். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். "மீசைய மட்டும் நம்பாதீங்க சார், குஞ்சுல எல்லாத்துக்கும் மீசை நீளம்தான். முதுகுல பின்பக்கம் ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கு பாருங்க, அது எங்க தொடங்குதுன்னு பாக்கணும்" என்பார். நான் குனிந்து பார்த்தால், "ஒங்களுக்கும் மீசை, அதுக்கும் மீசை. ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறீங்க" என்று சிரிப்பார்.

ஒரு பெருமழையில் யாரோ ஒருவருடைய அலங்கார மீன் குளங்கள் உடைந்து, வெளிநாட்டுக் கெளுத்திகள் ஆற்றில் கலந்துவிட்டன. ஆற்றில் பிடித்த குஞ்சுகளைப் பிரிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. இரண்டு வாளிகள் வைத்தேன். ஒன்றில் 'ஊர்' என்று எழுதினேன். அதிலுள்ளவை ஆற்றுக்குத் திரும்பும். மற்றதில் 'வெளி'. அதில் உப்பும் ஐஸும் இருந்தன. அதில் விழுந்தது பிழைக்காது.

கடைசித் தட்டைப் பார்த்து முடித்த மிஸ் கை கழுவ எழுந்தார். போகிற போக்கில், "இது அவ்வளவையும் வெளிய விட்டுருங்க சார்" என்றார். ஆற்றில் விடச் சொன்னார். மீன் தொட்டிகளின் பம்பு இரைந்துகொண்டிருந்தது. என் காதில் 'வெளி' மட்டும்தான் விழுந்தது.

தட்டை ஐஸில் கவிழ்த்தேன். கெளுத்திக்குக் குரல் இல்லை என்று நினைக்கிறோம். ஆபத்து வந்தால் அது பக்கத்துத் துடுப்பின் முள்ளைத் தேய்த்து, எண்ணெய் காணாத கதவுபோலக் கிறீச்சிடும். தட்டு நிறையக் குஞ்சுகள் ஒன்றாகக் கிறீச்சிட்டன. பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. ஒன்று மட்டும் நெடுநேரம் அடங்கவில்லை. மிஸ் ஓடிவந்து ஐஸுக்குள் கைவிட்டு அதை எடுத்தார். அவர் உள்ளங்கையில் ஒருமுறை கத்திவிட்டு அதுவும் அசையாமல் கிடந்தது.

"ஊர் மீன் சார்" என்றார்.

மறுநாள் பொறுப்பதிகாரி வாளியைக் காட்டிக் கத்தியபோது நான் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. மிஸ்ஸுக்கு அது தெரியும். "நான்தான் சார் மாத்திப் பாத்துட்டேன்" என்றார். பூதக்கண்ணாடியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, தொட்டி கழுவ அனுப்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அன்று மாலை எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தக் கடைசிக் குஞ்சை அவர் ஸ்பிரிட்டில் இட்டு, போத்தலை என் மேசையில் வைத்தார். வீட்டுக்குக் கிளம்புமுன் நான் போத்தலைத் திருப்பி, மீனின் தலையைச் சுவர்ப்பக்கம் வைப்பேன். காலையில் அது என் கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பல நாள் பொறுத்துவிட்டு, "யார் மிஸ் இதத் திருப்புறது?" என்று கேட்டேன். "பம்பு ஓடுதில்ல சார், அந்த அதிர்வுல திரும்புது. பயப்படாதீங்க" என்றார். அவர் ஓய்வு பெற்ற அன்று, "இனி நான் பாத்துக்கிறேன்" என்று போத்தலைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன்பிறகு நான் அவரைத் தேடிப் போகவில்லை.

சாவு வீட்டில் பழைய அலுவலகத்தார் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "நல்ல மனுசி. அந்த ஒரு தடவதான் கண்ணு தப்பிருச்சு" என்றார். அப்போதும் தலையாட்டினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய கண் ஒருநாளும் தப்பவில்லை. தப்பியது என் காது. அதற்குப் பிறகு தப்பியது என் வாய்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் போத்தல்தான். அதில் அவர் கையெழுத்தில் 'ஊர்' என்று ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. அம்பிட்டியவில் என் அறை அலுமாரியின் மேல் வைத்திருக்கிறேன். நேற்று மாலை மீனின் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன். இன்று காலை கண் விழித்தபோது அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் பம்பு இல்லை.