பழைய சாமான் இல்லாத வீடு

ஸஃப்னா கறுப்பு உடுக்கத் தொடங்கியபோது ஊரில் அவளுக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது. அவள் எதிர்பார்த்ததோ அதற்கு நேர்மாறு. வேறு எந்த ஊரிலும் ஒரு பதினெட்டு வயதுப் பெண் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்து, உதட்டுக்குக் கறுப்புச் சாயம் பூசி, விரலில் மண்டையோட்டு மோதிரம் மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டால் பெற்றவர்கள் தலையில் கைவைத்துக் குந்திவிடுவார்கள். புத்தளத்துக் கரைத்தீவுப் பக்கம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் குடியிருப்பில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அங்கே கறுப்பு அபாயா போடாத குமர்ப்பிள்ளை யார்? சாயத்தை முகத்திரை மறைத்தது. மோதிரத்தைக் கையுறை மறைத்தது. கண்ணைச் சுற்றி அப்பியிருந்த மையைப் பார்த்த பெண்கள், சுறுமா போடுவது சுன்னத்து, நபிவழி என்று மெச்சினார்கள். "றஹ்மத் உம்மாட மகள் நல்ல பேணுதலான புள்ள" என்ற கதை பரவி, ஒரு மௌலவி வீட்டிலிருந்து கலியாணப் பேச்சுக்கூட வந்தது.

புத்தளம் டவுனில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய் வந்த காலத்தில், தொலைபேசியில்தான் அவள் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தாள். கோத் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். கறுப்பு லேஸ், வெளிறிய முகம், கல்லறைப் பக்கம் நின்று எடுத்த படங்கள். துக்கத்தை ஒளித்து வைக்காமல் உடுப்பாகவே உடுத்துக்கொண்டு திரிகிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் அவளுடைய வீட்டில் துக்கம் நிறைய இருந்தது, அதை எடுத்து வெளியில் வைக்கத்தான் யாருமில்லை. உப்பளத்தில் வேலை செய்த வாப்பா ஜவாஹிர் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மௌத்தானார். உம்மா றஹ்மத் உம்மா, புருசன் இறந்தால் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவை இருந்து முடித்த மறுநாளே அடுத்தவர் தோட்டத்தில் மிளகாய் பிடுங்கப் போய்விட்டார். அழுத மாதிரித் தெரியவில்லை. ஸஃப்னா அழுதால், "முகத்தைக் கழுவிட்டு வா புள்ள" என்பார்.

றஹ்மத் உம்மா அழுது முடித்தது அதற்கும் முந்திய காலத்தில். தொண்ணூறாம் ஆண்டு, துவக்கோடு வந்த இயக்கம் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய சனத்தில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு ஸஃப்னா கோத் ஆன வயதுகூட இல்லை. கையில் ஒரு பை. அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டால், "உடுப்பு" என்பதோடு கதை முடிந்துவிடும். கற்பிட்டிப் பக்கம் அவர் பிறகு போனதே இல்லை.

அபாயாவின் கையில் உட்புறமாக லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டு, களப்பின் ஓரத்தில் பட்டுப்போன கண்டல் மரங்களுக்கு நடுவில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, ஸஃப்னா அப்படியே இருந்திருப்பாள். ஆனால் இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் உயிர்த்த ஞாயிறன்று, முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் கொண்டுவந்த குண்டுகள் தேவாலயங்களில் வெடித்தன. அதன் பிறகு நாட்டில் கறுப்புத் துணிக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழும்பிப் போனார். ஒரு சோதனைச் சாவடியில் கைப்பையைக் கொட்டிப் பார்த்தவர்கள் மண்டையோட்டு மோதிரத்தை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். இது எந்தக் குழுவின் அடையாளம் என்று கேட்டார்கள். இது ஒரு இசைக்காரக் கூட்டத்தின் மோஸ்தர் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்த அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெயிலில் நெடுநேரம் நிற்க வைத்த பிறகுதான் போக விட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உம்மா அவளுடைய உடுப்பையெல்லாம் எடுத்து மடித்து உரப்பையில் போட்டுக் கட்டினார்.

"கறுப்பு வேணாம் புள்ள. இனியும் எழும்பி ஓடுறதுக்கு எனக்குக் கால்ல தெம்பில்ல."

ஸஃப்னா ஆசையாகப் போட்டதைப் பயத்தில் கழற்றினாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் கையில் அகப்பட்டதைப் போட்டாள். கண்ணாடி பார்ப்பதையும் விட்டாள். அந்தக் காலத்து ஸஃப்னாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை.

பிறகு கற்பிட்டிக்குப் பக்கத்தில், கண்டக்குழியில் வேலை கிடைத்தது. அங்கே கடலோரத்தில், காற்றுக் காலத்தில் பட்டம் பிடித்து அலையில் ஓடும் வெள்ளைக்காரருக்காகக் கட்டிய விடுதி ஒன்றில் வரவேற்பு மேசை. கிழமைக்கு ஒரு நாள் வீட்டுக்கு வரலாம். விடுதி முதலாளி கொழும்பில் இருந்தார். அவருக்குப் பழசில் பைத்தியம். துருப்பிடித்த பெற்றோமக்ஸ், பிரம்பு பின்னிய கதிரை, பேசாத ரேடியோ, பூட்டில்லாத ட்ரங்குப் பெட்டி என்று விடுதி முழுக்கப் பழசு. அதை நடத்திய கற்பிட்டிக்காரர் மர்ஸூக், முதல் கிழமையே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. இந்த உடுப்பு இந்த இடத்துக்குச் சேருதில்ல. முதலாளிக்கு விண்டேஜ் மாதிரி வேணுமாம். அந்தக் காலத்து உடுப்பு."

எந்தக் காலத்து என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த முறை வீட்டுக்குப் போனபோது அலுமாரியைக் குடைந்தாள். உம்மாவிடம் பழைய பாவாடை, தாவணி, கலியாணச் சட்டை ஏதாவது இருக்குமா என்று பார்த்தாள். றஹ்மத் உம்மா சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

"எங்கட வீட்ல ஆகப் பழைய சாமான் நான்தான் மகள்."

உண்மைதான். பக்கத்து வீட்டிலும் அதே நிலைமை, அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். அந்தக் குடியிருப்பு முழுக்கத் தேடினாலும் தொண்ணூறுக்கு முந்திய ஒரு தட்டுமுட்டுச் சாமான் அகப்படாது. பழசு சேர்வதற்கு மனிதர் ஓரிடத்தில் இருந்திருக்க வேண்டும். விடுதிக் குசினியில் சமையல் வேலை செய்த அல்பொன்சா அக்காவின் குடும்பம் கண்டக்குழியை விட்டு அசைந்ததில்லை. அவருடைய அலுமாரியில் செத்துப்போன தாயின் கவுன்கள் பூச்சி உருண்டை வாசத்தோடு அடுக்கடுக்காக இருந்தன. சின்னச் சின்னப் பூப்போட்ட சீத்தைத் துணி, உப்பிய பொம்மைக் கை, இடுப்பில் பட்டி. அதில் ஒன்றை இரவல் வாங்கி, கையை மணிக்கட்டு வரை நீட்டித் தைத்து, அதே துணியில் தலைக்கும் ஒரு துண்டு போட்டுக்கொண்டு ஸஃப்னா வரவேற்பு மேசையில் போய் நின்றாள்.

அன்று கண்ணாடி பார்த்தாள். பிடித்திருந்தது. முதலாளிக்காகப் போட்டது தனக்காக ஆனது இப்படித்தான். தொலைபேசியில் பழைய படங்களைத் தேடித் தேடி, காலர் எப்படி, கொண்டை எப்படி, கண்ணாடிச் சட்டம் எப்படி என்று படித்தாள். வெள்ளைக்காரர் அவளோடு நின்று படம் எடுத்தார்கள். விடுதியின் இணையப் பக்கத்தில் அவள் முகம் வந்தது. கறுப்பு உடுத்த காலத்தில் தன் துக்கத்தை உடுத்திருந்தாள். இப்போது மற்றவர்களுடைய உம்மாமாரின் சந்தோசத்தை உடுத்திருந்தாள். அது இரவல் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் உடம்புக்குச் சுகமாக இருந்தது.

ஒரு குறைதான். உம்மா அவளைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து படங்களைக் காட்டினால், "வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். மகள் பயமில்லாமல் நிறம் உடுத்து, சிரித்துக்கொண்டு, நாலு பேர் மெச்ச நிற்கிறாள். அதை உம்மா ஒரு தரம், ஒரேயொரு தரம், கண்ணால் கண்டு மனம் குளிர வேண்டும். ஸஃப்னாவுக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே ஆசை அதுதான்.

காற்றுக் காலம் தொடங்கும் முன் ஒரு லொறி வந்தது. வடக்கிலிருந்து பழைய கதவு, யன்னல் வாங்கி விற்கும் யாவாரி. முதலாளி தொலைபேசியிலேயே பார்த்துப் பேரம் பேசி, முதிரை மரத்தில் நிலையோடு சேர்ந்த ஒரு கதவை எடுத்தார். அதைச் சுவரில் பொருத்தவில்லை. கடலைப் பார்த்தாற்போல மணலில் தனியே நட்டு, பின்னால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். கதவைத் திறந்தால் கடல். படம் எடுப்பதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை என்று மர்ஸூக் கையைத் தட்டினார்.

நிலையின் மேற்கட்டையில் கொடிச் செதுக்கலுக்கு நடுவில் 786 என்று வெட்டியிருந்தது. அல்லாஹ்வின் பெயரால் என்று தொடங்கும் பிஸ்மிக்குப் பதிலாக நம்மவர்கள் போடும் எண். ஸஃப்னாவுக்கு நெஞ்சு துள்ளியது. கடைசியில் எங்களுக்கும் ஒரு பழசு கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அவள் விட்ட பிழை அங்கேதான். ஆனால் அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பழைய சாமானே இல்லாத வீட்டில் வளர்ந்தவளுக்கு, ஒரு கதவைக் கண்டால் அதற்குப் பின்னால் இருந்த வீடு எப்படி ஞாபகம் வரும்?

சீத்தைக் கவுனோடு அந்த வாசலில் நின்று படம் எடுத்து, அந்தக் கிழமை உம்மாவிடம் காட்டினாள்.

"பாருங்க உம்மா, எங்கட ஆக்கள்ட கதவு."

றஹ்மத் உம்மா முதல் தடவையாகத் தொலைபேசியைக் கையில் வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மகளின் முகம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனது. எண் வெட்டியிருந்த கட்டையைப் பார்த்தார், பிறகு தாழ்ப்பாளைப் பார்த்தார், பிறகு மறுபடி கட்டையை.

"உள்ளுக்கு ஆரு இருக்கிறாங்க?"

"உள்ளுக்கு ஒண்டுமில்ல உம்மா. கடல்தான். சும்மா நட்டு வச்சிருக்கு."

உம்மா தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த கிழமை ஸஃப்னா வந்தபோது வெளிக்கிட்டு நின்றார்.

"என்னையும் கூட்டிட்டுப் போ. பார்க்கணும்."

ஸஃப்னாவுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. உம்மா தன்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நம்பினாள். புத்தளம் போய் கற்பிட்டி பஸ்ஸில் ஏறி இருந்தபோது, வள்ளத்தில் வந்து இறங்கிய இந்தப் பக்கம் இத்தனை வருடத்துக்குப் பிறகு உம்மா வருகிறார் என்பதுகூட அவள் மனதில் படவில்லை. றஹ்மத் உம்மா வழி நெடுக மடியையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸஃப்னா மர்ஸூக்கோடு தொலைபேசியில் ஏற்பாடு பேசினாள். அவள் முந்திப் போய் உடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பாள். உம்மா வந்து கதவைத் தள்ளியதும், கடலைப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் சிரித்தபடி நிற்பாள். மர்ஸூக் அதைப் படம் பிடிப்பார்.

அப்படியே எல்லாம் நடந்தது, பாதி வரைக்கும். ஸஃப்னா கதவுக்குப் பின்னால், காற்றில் பறக்கிற கவுனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகை இடுக்கில் உம்மா மணலில் கால் புதையப் புதைய வருவது தெரிந்தது. கதவுக்கு முன்னால் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். நிலையைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"இது ஆர்ட வீட்டுக் கதவு மகன்?"

"யாவாரி கொண்டு வந்தது சாச்சி. எந்த வீடெண்டு ஆருக்குத் தெரியும்?" மர்ஸூக் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடியே சொன்னார். "உங்கட வீட்டுக் கதவோ எண்டு பார்க்கிறீங்களா?"

"எங்கடது இல்ல. எங்கடது இதைவிடச் சின்னன்."

"அப்ப சும்மா தள்ளிக்கிட்டுப் போங்களேன். உள்ளுக்கு வீடில்லையே."

"கதவு இருக்குத்தானே."

றஹ்மத் உம்மா முந்தானையைத் தலையில் சரி செய்துகொண்டார். வேறொருவர் வீட்டு வாசலில் நிற்பவர் நிற்கிற மாதிரி, கதவுக்கு நேரே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

காற்று கேட்டுக்கொண்டிருந்தது. ஸஃப்னா வாயைத் திறந்தாள். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. சின்ன வயதில் உம்மாவே சொல்லிக் கொடுத்தது. ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து பதில் சொல்ல, அந்த வீட்டு ஆள் இருக்க வேண்டும். இவள் யார்? அல்பொன்சா அக்காவின் தாயுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, யாரோ விட்டுவிட்டு ஓடிய வாசலில் சிரிப்பதற்கு நிற்கிறவள். உம்மா பிறந்து வளர்ந்து விட்டுவிட்டு வந்த வீட்டின் கதவும் இப்போது எங்கேயோ, எந்த மணலிலோ, யாரோ சிரித்துப் படமெடுக்க நிற்கலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

குரல் கொஞ்சம் கூடியிருந்தது. உள்ளே பின்வளவில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோல. மர்ஸூக் தொலைபேசியைக் கீழே இறக்கிவிட்டார். கதவைத் திறந்துவிடலாம் என்று ஸஃப்னா கையை வைத்தாள். திறந்தால் உம்மா என்னைப் பார்ப்பார், எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தாள். கையை எடுத்துவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

ஒரு வீட்டு வாசலில் மூன்று தரம் ஸலாம் சொல்லியும் பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது மார்க்கம். றஹ்மத் உம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த வழியே றோட்டைப் பார்த்து நடந்தார். மகளைக் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. ஸஃப்னா பலகை இடுக்கில் கண்ணை வைத்தபடி, உம்மா தென்னைகளுக்குள் மறையும் வரை அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.