கட்டி வைத்த இடம்

ஆம்பூரில் யாருக்கு அரிப்பு வந்தாலும் தோல்ஷாப்பைத்தான் திட்டுவோம். தோல் பதனிடும் அந்த வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரருக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அதனால் மழை ஓயும் சமயத்தில் எங்கள் நாய் பாதங்களை நக்க ஆரம்பித்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடுவார்கள் என்பது ஊர்ப்பேச்சு. தெருக்கால்வாயில் கால் வைத்திருப்பாள், வேறென்ன?

"அந்தத் தண்ணி பட்டா நம்மளுக்கே ஆவாது, இது இன்னா பண்ணும்?" என்றார் அவர்.

கால்வாய்ப் பக்கமே போகக் கூடாதென்று, வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் இருந்த வேப்பமரத்தில் அவளைக் கட்டினேன். நான் ஷூ கம்பெனியிலிருந்து திரும்பும்வரை அங்கேதான் கிடப்பாள். பாதம் புண்ணானது. வயிறு கறுத்துத் தடித்தது. சொறிந்து சொறிந்து காதில் சீழ் வைத்தது. தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினேன். பொங்கலுக்குப் பிறகு எல்லாம் அடங்கியது. என் வைத்தியம்தான் என்று பெருமை வேறு. அடுத்த வருஷமும் அதே கதை.

மூன்றாம் வருஷம் காதிலிருந்து ரத்தம் வந்த பிறகுதான் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது மாதத்தைத்தான்.

"வருஷா வருஷம் இதே மாசத்துலதான் வருதாம்மா? எங்க கட்டி வெச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"அங்க பார்த்தீனியம் செடி இருக்குதா?"

இடுப்புயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. மழைக்குப் பின் எந்தக் காலி மனையில்தான் இல்லை?

"அந்தப் பூவோட தூள்தான் இதுக்கு ஆவல. வீட்டுக்குள்ள வைங்க. வெளிய போய்ட்டு வந்தா ஈரத்துணியால காலைத் தொடச்சு, விரலிடுக்கைக் காய வைங்க. அடுத்த வருஷம் நக்க ஆரம்பிச்ச அன்னிக்கே கூட்டினு வாங்க, விட்டுடாதீங்க."

மாத்திரை, காதுக்குச் சொட்டு மருந்து, வாரம் ஒரு குளியல். பத்தே நாளில் பாதம் ஆறிவிட்டது. மூன்று வருஷம் அவள் பட்ட வேதனைக்குப் பத்து நாள். ஆனால் காது கேட்பது நின்றுபோயிருந்தது. பின்னாலிருந்து தொட்டால் இப்போதும் பதறி விழுகிறாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தோல்ஷாப்பைத் திட்டிக்கொண்டே நான் அவளைப் பாழாக்கியிருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அந்த மரத்தடிக்கு வரமாட்டேனென்று அவள் தினமும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்பாள். "கொழுப்பப் பாரு இதுக்கு" என்று திட்டி, தரதரவென இழுத்துப் போய்க் கட்டியவள் நான்தான்.